கம்பத்துக்குச் சொந்தக்காரர் யார்?

பிராது எழுத உட்காரும்போது வக்கீலுக்கு முதலில் வேண்டியது இரண்டு பெயர்கள். கேட்பவர் யார், யாரிடம் கேட்கிறார். 2019-ல் அயனம்பாக்கத்திலிருந்து என்னிடம் வந்த வழக்கில் முதல் பெயர் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் நின்றது. உச்சியில் நான்கு கேமராக்கள். கம்பத்தை நட்டவர் யார், கேமரா யாருடையது, அது எடுக்கிற படம் எங்கே போகிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று எவருக்கும் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. கம்பத்தின் மேல் வழக்குப் போட முடியாது.

அயனம்பாக்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, ஏரியை நம்பிப் பயிர் செய்த பழைய ஊர். கிராம நத்தம், வளைந்த சந்துகள், அம்மன் கோயில். இன்னொன்று, வயல்களை மனை போட்டு விற்றதில் எழுந்த நகர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், வானகரம் சாலையின் ஆஸ்பத்திரியிலும் பள்ளிகளிலும் வேலை செய்கிறவர்கள் அங்கே வீடு கட்டினார்கள். நகர்களுக்கு நேரான தெரு உண்டு, பெயர்ப் பலகை உண்டு, குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. இரண்டு ஊரும் முட்டிக்கொள்ளும் முனையில்தான் அந்தக் கம்பம். ஒரு கேமரா மெயின் ரோட்டைப் பார்த்தது. இரண்டு, நகரின் தெருக்களை. நான்காவது, ஊரைப் பார்த்தது.

என் கட்சிக்காரர் ஊர்ப் பக்கத்துப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகன் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. மாமனார் காலத்து வீடு. குளியலறை பின்பக்கத் தோட்டத்தில். மூன்று பக்கம் செங்கல், நான்காவது பக்கம் தகரம், மேலே ஒன்றுமில்லை. தரையில் நிற்கிறவர் கண்ணுக்கு அது மறைப்புதான். இருபதடி உயரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அல்ல.

"அவங்க வாசலை அவங்க பார்த்துக்கட்டும் சார். எங்க தோட்டத்தை எதுக்குப் பார்க்கணும்?"

சங்கத்தில் போய்க் கேட்டிருக்கிறார். "உங்களை யாரும்மா பார்க்கப் போறா, திருடனைத்தான் பார்க்கும்" என்று பதில். அதற்குப் பிறகு மருமகள் விடிவதற்கு முன்பே குளிக்கத் தொடங்கினாள். இருட்டிலும் அந்தக் கேமராவுக்குத் தெரியும் என்று மகன் சொன்ன பிறகுதான் வக்கீலைத் தேடினார்கள்.

அந்த அம்மா சொன்னதில் குளியலறை விஷயம் கால்வாசிதான். மீதி முழுவதும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. புதிதாக மாட்டிய எல்.இ.டி. தெருவிளக்குக்குள்ளும் கேமரா இருக்கிறதாம். படத்தை ஆதாரோடு சேர்த்துவிடுவார்களாம். யார் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார் என்று எழுதி வைப்பார்களாம். இனி வரப்போகும் ஸ்மார்ட் மீட்டர் வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுமாம். என் ஜூனியர் சிரிப்பை அடக்க ஃபைலைப் புரட்டினான்.

நான் சிரிக்கவில்லை. பெருந்தன்மையால் அல்ல, படித்திருந்ததால். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மின்சாரம் மிச்சம், போக்குவரத்துக் கணக்கு என்று சொல்லி 3,000-க்கும் மேற்பட்ட தெருவிளக்குகளில் கேமரா வைத்தார்கள். போலீஸ் அந்தப் படங்களை எடுத்துப் பயன்படுத்துவது ஊராருக்குப் பிறகுதான் தெரிந்தது. கூச்சல் எழுந்து, பின்னர் 2020-ல் மேயர் அவற்றை அணைக்கச் சொன்னார். ஹாங்காங்கில் 2019 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்களை ரம்பத்தால் அறுத்துச் சாய்த்தார்கள். முகத்தை அடையாளம் காணும் வசதி அதில் இல்லை என்று அரசு சொன்னதை அவர்கள் நம்பவில்லை. ஸ்மார்ட் மீட்டர் விஷயமும் அப்படித்தான். இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகர மக்கள் வழக்குப் போட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்சார அளவை எடுப்பது வீட்டுக்குள் நடப்பதைத் துருவுகிற சோதனைக்குச் சமம் என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நியாயமான சோதனைதான் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. அயனம்பாக்கத்து விளக்கில் கேமரா இல்லை, நானே போய்ப் பார்த்தேன். ஆனால் அந்த அம்மாவின் பயத்துக்கு உலகத்தில் எங்குமே முகாந்திரம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் பக்கத்திலும் பழைய கதை ஒன்று உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரை, தேனி, உசிலம்பட்டிப் பக்கம் கைரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்று பார்க்காமல் ஒரு சாதியையே ரேகை உருட்டச் சொன்னது அந்தச் சட்டம். மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உடம்பைப் பதிவேட்டில் ஏற்றுகிற காரியத்தைக் கண்டு ஜனங்கள் மிரள்வதை அறியாமை என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்வது என் வழக்கம்.

சங்கத்தார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சாலையில் செயின் பறிப்பு நடந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கழுத்தில் காயத்தோடு விழுந்திருக்கிறாள். அப்போது சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர் ஏ.கே. விசுவநாதன். 'மூன்றாவது கண்' என்ற பெயரில் ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்று நகர் முழுவதும் இயக்கமாகவே நடத்தினார். அதன் சூட்சுமம், பணம் பெரும்பாலும் அரசுப் பணம் இல்லை என்பது. வியாபாரிகளும் நலச் சங்கங்களும் தெருக்காரர்களும் கொடுத்தார்கள். போலீஸ் ஊக்கம் கொடுத்தது. 2021 தொடக்கத்தில் ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் போட்ட கணக்கில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னை உலகத்திலேயே முதலிடம் பிடித்தது. நலச் சங்கத்துக்காரர்கள் அந்தச் செய்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தங்கள் நான்கும் அதில் அடக்கம் என்ற பெருமை.

மூன்று பேருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். சங்கம் எழுதிய பதில்: காவல்துறை கேட்டுக்கொண்டதால் பொதுநலனுக்காக வைத்தது, எங்களுக்குத் தனி உரிமை இல்லை. உள்ளாட்சியிலிருந்து வந்த பதில்: அந்த இடத்தில் கம்பம் நட எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அது எங்கள் கம்பம் அல்ல. காவல் நிலையத்தில் எழுத்தில் பதில் தரவில்லை, வாய்மொழியாக மரியாதையாகவே சொன்னார்கள்: கேமரா பப்ளிக்குடையது, கேஸ் என்றால் நாங்கள் வாங்கிப் பார்ப்போம். மின்சாரம்? அது முனையில் இருந்த மளிகைக் கடையிலிருந்து இழுத்தது. கடைக்காரர் மாதம் இவ்வளவு என்று சங்கத்திடம் வாங்கிக்கொண்டிருந்தார். மொத்த விவகாரத்தில் கணக்கு எழுதி வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

அரசையும் உள்ளாட்சியையும் சேர்த்தால் முன்னறிவிப்பு, இரண்டு மாதக் காத்திருப்பு, அரசு வக்கீலின் வாய்தாக்கள் என்று வழக்கு நரைத்துவிடும். சங்கத்தின் சார்பில் அதன் தலைவரையும் செயலாளரையும் மட்டும் பிரதிவாதிகளாக்கி, நான்காவது கேமராவை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை கேட்டு எங்கள் பக்கத்து முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்தேன். மகன் போலீஸ் புகார்தான் வேண்டும் என்றான். பெண்ணை மறைந்திருந்து பார்ப்பது 2013-லிருந்து, அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவில் குற்றம். ஆனால் அந்தச் செயலாளர் அப்படிப்பட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை, மகனும் நினைக்கவில்லை. அவமானப்படுத்த ஆசைப்பட்டான், அவ்வளவுதான். பேசிப் புரியவைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், என்னை விட மூத்தவர். முதல் நாளே பத்தொன்பதாம் நூற்றாண்டை மேசையில் எடுத்துப் போட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷங்களில் இதுவும் ஒன்று. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஓர் ஊரின் வழக்கப்படி, பக்கத்து வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புதிய ஜன்னல் திறக்கக் கூடாது என்றால், அந்த வழக்கம் சட்டப்படி உரிமையாகும் என்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888-ல் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில் அப்படி ஒரு வழக்கம் வடக்கே உண்டு என்று ஒப்புக்கொண்டது. அங்கே பெண்கள் கோஷா, வெளியார் கண்ணில் படாமல் இருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சையத் அசுஃப் எதிர் அமீருபீபி என்ற 1890-களின் வழக்கில், ஜன்னல் திறந்து எட்டிப் பார்ப்பது வழக்குப் போடத் தக்க தீங்கு இல்லை என்று சொல்லிவிட்டது. உன் மறைப்பை நீ கட்டிக்கொள் என்பதுதான் சாரம். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படித்துவிட்டு, "யுவர் ஹானர், வாதி ஒரு கூரை போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்தது" என்றார்.

சட்டப்படி அது கூர்மையான வாதம். கூரை போட எவ்வளவு ஆகும் என்றுகூட மதிப்பீடு வாங்கி வைத்திருந்தார்.

என் பக்கம் இருந்தவை இளைய தீர்ப்புகள். 1962-ல் கரக் சிங் வழக்கில், ராத்திரி கதவைத் தட்டி 'உள்ளே இருக்கிறாயா' என்று பார்க்கும் போலீஸ் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் அடித்தது. அதே தீர்ப்பில் அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொல்லி வைத்தது. மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பாராவ், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1994-ல் ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கு. தனித்து விடப்படும் உரிமை என்ற ஒன்றை உச்ச நீதிமன்றம் அதில் தெளிவாக வரைந்து, அதை மீறியவர் மேல் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. பிறகு 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு, ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை. கரக் சிங்கின் அந்தப் பாதி அன்றோடு போயிற்று. ஆனால் அடிப்படை உரிமை என்பது முதன்மையாக அரசுக்கு எதிரானது. நலச் சங்கம் அரசா? அந்தக் கேள்விக்கு முன்சீப் கோர்ட்டில் விடை தேடுவது நேரத்தை வீணாக்குவது. அதனால் நான் சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கேமரா என்ன பார்க்கிறது என்பதைக் கோர்ட்டே பார்க்கட்டும் என்று கமிஷனர் போடச் சொல்லி மனு செய்தேன்.

கோர்ட் ஓர் இளம் பெண் வழக்கறிஞரைக் கமிஷனராக நியமித்தது. இரு தரப்பும் கூட இருக்க, செயலாளர் வீட்டுக்குப் போனோம். பதிவுக் கருவியான டி.வி.ஆர்., டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் பழைய பஞ்சாங்கங்களோடு இருந்தது. செயலாளரின் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்தார். கமிஷனர் நான்காவது கேமராவைப் பெரிதாக்கச் சொன்னார். படத்தின் மூன்றில் ஒரு பங்கு என் கட்சிக்காரரின் தோட்டம். ஜூனியரை அனுப்பி அந்தக் குளியலறைக்குள் நிற்கச் சொன்னோம். தலையும் தோளும் தெரிந்தன. காபி கொண்டுவந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கணவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார். வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

கமிஷனர் அதோடு நிற்கவில்லை. நான் கேட்க நினைக்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்: "இது வேற எங்கெல்லாம் தெரியும் சார்?"

செல்போன்களில். கேமராவோடு வரும் ஆப். சங்க நிர்வாகிகள் எல்லோர் போனிலும் இருந்தது. முன்னாள் நிர்வாகிகள் போனிலும் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருவர் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கே குடிபோய்விட்டார், அவர் போனிலும் இருந்தது. கடவுச்சொல், கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் இருந்தது எதுவோ அதுவேதான். மாட்டிக்கொடுத்த பையனுக்கும் அது தெரியும். படம் சுமார் இரண்டு வாரம் இருக்கும், பிறகு மேலேயே எழுதிக்கொள்ளும். யார் எப்போது பார்த்தார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. இவ்வளவையும் கமிஷனர் தம் அறிக்கையில் எண் போட்டு எழுதினார்.

ஊரார் பயந்தது டில்லிக்கும் கோட்டைக்கும். பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய கண் எங்கே இருந்தது என்றால், பக்கத்துத் தெருவில் பனியனோடு உட்கார்ந்து போனைத் தள்ளுகிறவரிடம். யாராவது உண்மையில் பார்த்தார்களா என்று எதிர்த்தரப்பின் மேல் சந்தேகம் கிளப்ப எனக்கு விருப்பமில்லை. பார்க்க முடியும், பார்த்தாலும் யாருக்கும் தெரியாது. என் வாதத்துக்கு அது போதும்.

அறிக்கையைப் படித்த நீதிபதி நிமிர்ந்து கேட்டது ஒரே கேள்வி: "கோயம்புத்தூரில் இருப்பவர் அயனம்பாக்கத்தை எதற்குப் பார்க்கிறார்?" எதிர்த்தரப்பு வக்கீலிடம் அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீர்ப்பு எதுவும் இல்லை. வழக்கு முடியும் வரை நான்காவது கேமராவை மூடி வைக்க இடைக்கால உத்தரவு வந்தது. மறுநாள் அதன் மேல் அரிசிச் சாக்கு ஒன்றைக் கட்டினார்கள்.

பிறகு கொரோனா. கோர்ட்டுகள் மூடி, திறந்து, காணொளியில் நடந்து, மறுபடியும் மூடின. அந்த இடைவெளியில், 2020 ஜூனில், சாத்தான்குளம் நடந்தது. ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். விசாரணைக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி என்னை உலுக்கியது. நிலையத்தின் கேமராப் பதிவுக் கருவியில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், தினமும் தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கேமரா இருந்தது. படம் இல்லை.

என் கட்சிக்காரரும் பேப்பரில் அதைப் படித்திருந்தார். போனில் கேட்டார்: "அங்க இருக்க வேண்டியது இல்லாம போச்சு, இங்க இருக்கக் கூடாதது இருக்குது. இதுக்கெல்லாம் கணக்கு கிடையாதா சார்?"

போலீஸ் நிலையக் கேமராவுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி கணக்கு வந்தது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எந்தெந்த இடத்தில் கேமரா, படத்தோடு ஒலியும் வேண்டும், பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், யார் பொறுப்பு, மேலே யார் கண்காணிப்பது என்று வரிசையாக எழுதியது. தெருக் கம்பத்துக் கேமராவுக்கு அப்படி ஒரு வரி கூட எங்கள் கையில் இல்லை.

விசாரணை தொடங்கியபோது சங்கம் பழைய பல்லவியையே பாடியது: கேமரா பொதுவானது, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, எங்களிடம் பரிகாரம் கேட்பது தவறு. இங்கேதான் வேறொரு வழக்கு எனக்குக் கை கொடுத்தது. அதே 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக்க அப்போதைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று மறுபடியும் உறுதிசெய்திருந்தது. அந்தக் கருவியை இயக்கும் பொறுப்பில் இருப்பவர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ராத்திரி அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தச் செயின் பறிப்பு ஞாபகம் வந்தது. பையன் ஒருவனைப் பிடித்துக் குற்றப்பத்திரிகை போட்டிருந்தார்கள். கேமராப் படத்தை வைத்துத்தான் பிடித்தார்கள். அப்படியானால் சான்றிதழ் ஒன்று இருந்தாக வேண்டும்.

குமாஸ்தாவை அனுப்பிக் குற்றவியல் கோர்ட்டில் நகல் எடுத்தேன். இருந்தது.

செயலாளர் கூண்டில் ஏறினார். ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பொய் சொல்லிப் பழகாதவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

"பதிவுக் கருவி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது?"

"போலீஸ் சொல்லித்தான் சார் வெச்சோம்."

"யார் சொல்லி என்று கேட்கவில்லை. யார் கட்டுப்பாட்டில்?"

"பொதுவுல இருக்கு."

நகலைக் காட்டினேன். கையெழுத்து உங்களுடையதுதானா? ஆமாம். படியுங்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: மேற்படி கருவி என்னுடைய முறையான பயன்பாட்டிலும் கட்டுப்பாட்டிலும் உள்ளது, அது எக்காலத்திலும் சரிவர இயங்கி வந்தது.

"இது உண்மையா, பதிலுரையில் சொன்னது உண்மையா?"

அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: "அது திருடனுக்காக எழுதினது சார்."

கோர்ட் ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் சிரித்தார். நீதிபதி மட்டும் சிரிக்காமல் தட்டச்சரைப் பார்த்து, "அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

என்னால் அந்த வாக்கியத்தைப் பல வருடமாக மறக்க முடியவில்லை. சிரிப்புக்காக அல்ல. கேமரா வைக்கிறவர் மனசு அதில் அப்பட்டமாக இருந்தது. திருடனைப் பிடிக்கும்போது கேமராவுக்கு உடைமைக்காரர் உண்டு, கையெழுத்து உண்டு, பொறுப்பு உண்டு. திருடாதவர் வந்து என்னை ஏன் பார்க்கிறாய் என்று கேட்டால் அது அநாதைப் பொருள். இது அயனம்பாக்கத்து நலச் சங்கத்தின் குணம் மட்டும் என்று நான் நம்பவில்லை.

அதன் பிறகு சமரசப் பேச்சுதான். செயலாளரின் மனைவி அதற்கு வீட்டுக்குள் எவ்வளவு உழைத்தார் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. 2022-ல் மக்கள் நீதிமன்றத்தில் ராஜி எழுதினோம். எந்தச் சட்டத்திலும் மாதிரிப் படிவம் கிடையாது. பாதியை உச்ச நீதிமன்றத்தின் போலீஸ் நிலைய உத்தரவைப் பார்த்து எழுதினேன், மீதியைக் கமிஷனர் அறிக்கையைப் பார்த்து. நான்காவது கேமரா சாலையைப் பார்த்துத் திரும்பும். தோட்டத்தின் ஓரம் படத்தில் விழுந்தால் கருவியின் அமைப்பிலேயே அந்தப் பகுதியைக் கறுப்பாக்கி மறைக்க வேண்டும் (அந்த வசதி முதல் நாளிலிருந்தே கருவியில் இருந்தது, யாரும் மெனுவைத் திறந்து பார்க்கவில்லை). பதிவுக் கருவி சங்க அறையில் பூட்டிய பெட்டியில் இருக்கும். கடவுச்சொல் இருவருக்கு மட்டும். நிர்வாகிகள் மாறும்போதெல்லாம் அதை மாற்றி, மாற்றியதை நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுத வேண்டும். போனில் இருக்கும் ஆப் எல்லாம் நீக்கப்படும். கம்பத்தில் சங்கத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தகரப் பலகை.

தகராறு வந்தது ஒரு ஷரத்தில்தான். படத்தை யார் எடுத்துப் போனாலும் பெயர், தேதி, காரணம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன். "போலீஸ்காரர் வந்து கேட்டா, சார் கையெழுத்துப் போடுங்கன்னு எப்படிச் சொல்றது?" என்று சங்கத் தலைவர் கேட்டார். நியாயமான பயம். அவருடைய பயத்துக்கும் என் கட்சிக்காரருடைய பயத்துக்கும் அந்த ஒரு நிமிடம் வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் கையெழுத்தை விட்டுவிட்டு, செயலாளரே எழுதி வைப்பது என்று முடித்தோம். கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது. அதில் அந்த அம்மா குளியலறைக்குக் கூரை போட்டுக்கொண்டார், அதுவும் உண்மை. எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொன்னபோது, "நான்தான் முதல்லயே சொன்னேனே" என்றார்.

ராஜி கட்டுப்படுத்தியது இரண்டு தரப்பை மட்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2021 அக்டோபரில், முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைத் தமிழ்நாடு காவல்துறை முதல்வர் கையால் தொடங்கியது. 2022 ஜனவரி 1 அன்று ஆவடி தனி மாநகரக் காவல் ஆணையரகமாகி, எங்கள் பக்கம் அதன் கீழ் போனது. மகன் கேட்டான்: "நாளைக்கு இந்தக் கேமராவோட அந்த சாஃப்ட்வேரைச் சேர்த்துட்டா?" நம் ராஜி அதைப் பற்றிப் பேசவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். ஹைதராபாத்தில் எஸ்.க்யூ. மசூத் என்ற சமூகச் செயல்பாட்டாளரை 2021 மே மாத ஊரடங்கில் நடுச்சாலையில் நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படமெடுத்தார்கள். எந்தச் சட்டத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டு அவர் தெலங்கானா உயர் நீதிமன்றம் போனார், 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் போனது. நான் அந்தத் தம்பிக்குக் காட்டக்கூடிய வழி அதுதான், முன்சீப் கோர்ட் வழி அல்ல. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தீர்க்கும் என்று சிலர் எழுதினார்கள். அதன் 17-ஆவது பிரிவைப் படித்தால், அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு விலக்கு அறிவித்துக்கொள்ள வாசல் அகலமாகவே இருக்கிறது.

2024 மே மாதம் அந்த முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பயன்படுத்துகிற ஒருவரின் கணக்கும் கடவுச்சொல்லும் வெளியே போனதுதான் வழி என்று காவல்துறை விளக்கியது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டும் பஞ்சாங்கமும்தான் என் கண்ணில் வந்தன.

அதே ஆண்டு ஒரு மாலை, அந்த நலச் சங்கத்தின் புதிய செயலாளர் என் ஆபீஸ் படியேறி வந்தார். இளைஞர், ஐ.டி. வேலை. தேர்தலில் பழைய கோஷ்டி தோற்றுவிட்டது. பெட்டிச் சாவியைக் கொடுத்தார்கள், கடவுச்சொல்லைக் கொடுக்க மறுக்கிறார்கள். ராஜியில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதாமே, அதைக் காட்டிக் கேட்டால் கொடுப்பார்களா, எனக்கு ஆஜராவீர்களா என்று கேட்டார். நான் அந்த வழக்கில் எதிர்த்தரப்பு, உங்களுக்கு ஆஜராக முடியாது என்றேன். ராஜியின் சான்றிட்ட நகல் மட்டும் வேண்டுமென்றால் சங்கமும் அதில் ஒரு தரப்புதான், நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்தேன். மனுவில் கோர்ட் கட்டண வில்லை ஒட்டாமல் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள் என்பதையும் சொன்னேன்.